தந்தி நெய்த மருத்துவர்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்கள் ஆயிரத்து நூறு ஆண்டுகளாக ஒரு செய்தியைச் சுமந்து நிற்கின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், குடவோலை முறையின் விதிகளை ஊர்ச்சபை அங்கே கல்லில் பொறித்து வைத்தது. செய்தி காலத்தைக் கடந்து நிற்க வேண்டுமென்றால் நம் முன்னோர் கல்லை நாடினர். அதே செய்தி தொலைவைக் கடந்து விரைந்து செல்ல வேண்டுமென்றால், மனிதனின் கால்களையும் குதிரையின் கால்களையும் தவிர அவர்களுக்கு வேறு துணை இருந்ததில்லை. ஈட்டியும் சலங்கையும் ஏந்தி, தீவட்டி வெளிச்சத்தில் காட்டுவழியே ஓடிய அஞ்சல் ஓட்டக்காரர்கள்தாம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் இந்நாட்டின் செய்தித் தொடர்பைத் தாங்கினர்.

அந்த நிலையை ஐந்தே ஆண்டுகளில் மாற்றிக் காட்டியவர் ஒரு பொறியாளர் அல்லர்; மருத்துவர். நாடித்துடிப்பைப் பார்க்கப் பழகிய விரல்களில் மின் அதிர்வை உணர்ந்து எழுத்துகளைப் படித்தவர். அவர் பெயர் வில்லியம் புரூக் ஓஷானசி. யாழின் நரம்பையும் வீணையின் கம்பியையும் குறித்துவந்த ‘தந்தி’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருள் சேர்ந்ததற்கு அவர் நாடெங்கும் கட்டிய கம்பிகளே காரணம்.

இடம் கிடைக்காத இளைஞர்

ஓஷானசி அயர்லாந்திலுள்ள லிமரிக் நகரைச் சேர்ந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்று 1829இல் மருத்துவப் பட்டம் பெற்றார். வேதியியலிலும் நச்சுப்பொருள் ஆய்விலும் அவருக்கு ஈடுபாடு மிகுதி. ஆனால், எடின்பரோவில் பெற்ற பட்டத்தைக் கொண்டு இலண்டனில் மருத்துவத் தொழில் நடத்த அன்றைய விதிகள் இடந்தரவில்லை. திறமை இருந்தும் வாயில் அடைபட்டிருந்த அந்த நிலையில், ஆய்வுக்கூடமே அவருக்குப் புகலிடம் ஆயிற்று.

1831இல் இங்கிலாந்தில் காலரா பரவியது. நோய் கடுமையாகத் தாக்கிய சண்டர்லாந்து நகருக்கு இளைஞர் ஓஷானசி நேரில் சென்றார். நோயாளிகளின் இரத்தத்தை வேதியியல் முறையில் ஆராய்ந்தபோது, அதிலிருந்து நீரும் உப்புகளும் பெருமளவில் வெளியேறியிருப்பதைக் கண்டறிந்தார். இழந்தவற்றைத் திரும்பச் செலுத்துவதே தக்க மருத்துவம் என்று எழுதினார். இரத்தத்தை வெளியேற்றுவதையே மருத்துவமாகக் கருதிய காலம் அது. அடுத்த ஆண்டிலேயே தாமஸ் லட்டா என்னும் மருத்துவர் இக்கருத்தைப் பின்பற்றி உப்புக் கரைசலை நோயாளிகளின் நாளத்தில் ஏற்றினார். இன்று சிற்றூர் மருத்துவமனைகளிலும் தொங்கும் உப்புநீர்ப் புட்டியின் வரலாறு இவ்விருவரிடமிருந்து தொடங்குகிறது. ஓஷானசிக்கு அப்போது வயது இருபத்திரண்டு அல்லது இருபத்துமூன்றுதான்.

அந்தச் சாதனையும் அவருக்கு இலண்டனில் ஒரு பணியைப் பெற்றுத்தரவில்லை. 1833இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவப் பணியில் சேர்ந்து வங்காளத்துக்குக் கப்பலேறினார். 1835இல் தொடங்கப்பட்ட கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார். இந்திய மூலிகைகளையும் நாட்டு மருந்துப் பொருள்களையும் ஆராய்ந்து நூல்கள் எழுதினார். இவை மட்டுமே அவருடைய பணிகளாக இருந்திருந்தாலும் மருத்துவ வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கும்.

தோட்டத்தில் தொடங்கிய ஆய்வு

மின்சாரத்தால் செய்தி அனுப்பலாம் என்னும் எண்ணம் அக்காலத்தில் பல நாடுகளில் ஒருசேர முளைத்துக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் குக், வீட்ஸ்டோன் ஆகிய இருவரும் அமெரிக்காவில் மோர்ஸும் 1837ஆம் ஆண்டளவில் தத்தம் கருவிகளை உருவாக்கியிருந்தனர். ஆறு மாதக் கடற்பயணத் தொலைவில் இருந்த கல்கத்தாவில், அவர்களுடைய கருவிகள் எதுவும் கைக்கு எட்டாத நிலையில், 1839இல் ஓஷானசி தம் ஆய்வைத் தொடங்கினார்.

ஹூக்ளி ஆற்றின் கரையிலிருந்த தாவரவியல் பூங்காவில் மூங்கில்களை வரிசையாக நட்டு, அவற்றினிடையே இரும்புக் கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்துக் கட்டினார். இருபது மைலுக்கும் மேற்பட்ட நீளமுள்ள கம்பி, சில ஏக்கர் நிலத்துக்குள் அடங்கிற்று. ஒரு முனையிலிருந்து அனுப்பிய மின்சாரம் மறுமுனையை அடைகிறதா, எவ்வளவு வலுவோடு அடைகிறது என்பதை அளந்தார். மின்சாரம் திரும்பி வருவதற்குத் தனிக் கம்பி தேவையா என்று அறிய, ஹூக்ளி ஆற்றின் நீரையே மின்சுற்றின் ஒரு பகுதியாக ஆக்கிப் பார்த்தார். நீர் அந்த வேலையைச் செய்தது. காப்பிட்ட கம்பியை ஆற்றுக்கடியில் இட்டு அக்கரைக்குக் குறிகளை அனுப்புவதிலும் வெற்றி கண்டார். நீருக்கடியில் மின்சாரத்தால் செய்தி அனுப்பிய உலகின் முதல் முயற்சிகளுள் அதுவும் ஒன்று.

செய்தியைப் படிக்க அவர் கையாண்ட முறை வியப்புக்குரியது. இரு முனைகளிலும் ஒரே நேரம் காட்டும் இரண்டு கடிகாரங்கள். அவற்றின் முகப்பில் எழுத்துகள். நொடிமுள் உரிய எழுத்துக்கு நேராக வரும்போது அனுப்புபவர் மின்சாரத்தைச் செலுத்துவார். மறுமுனையில் இருப்பவரின் விரலில் சிறு அதிர்ச்சி உண்டாகும். அந்த நொடியில் தம் கடிகாரமுள் எந்த எழுத்தில் நிற்கிறதோ, அதை அவர் குறித்துக்கொள்வார். இம்முறை நெடுந்தொலைவுக்கு ஏற்றதன்று என்பதை ஓஷானசி விரைவில் உணர்ந்தார். ஆயினும், கிடைத்த பொருள்களைக் கொண்டே தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் அவருடைய இயல்பு அதில் வெளிப்பட்டது. பிற்காலத்தில் அவர் அமைத்த ஒவ்வொரு மைல் தடத்திலும் அந்த இயல்பைக் காணலாம்.

ஆய்வின் முடிவுகளை அவர் வெளியிட்டபோது அரசு அதைப் பொருட்படுத்தவில்லை. கல்கத்தாவிலிருந்து சுனார் வரை கோபுரங்கள் எழுப்பி, கையசைவுக் குறிகளால் செய்தி அனுப்பும் திட்டம் ஒன்று அதற்கு முன்பே செலவுக்கும் பனிமூட்டத்துக்கும் இரையாகிக் கைவிடப்பட்டிருந்தது. புதிய திட்டத்தின் மீதும் அந்த ஐயத்தின் நிழல் விழுந்திருக்கக்கூடும். பத்தாண்டுகளுக்கு மேல் ஓஷானசி காத்திருக்க நேர்ந்தது. இடையில் 1843இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். பிறகு கல்கத்தா நாணயச்சாலையில் பணியாற்றினார். அங்கேதான் சிவசந்திர நந்தி என்னும் வங்காள இளைஞரை அவர் கண்டெடுத்தார். முறையான பொறியியல் கல்வி பெறாத நந்தி, பின்னாளில் இந்தியத் தந்தித் துறையின் தூண்களுள் ஒருவரானார்.

மழைக்கும் குரங்குக்கும் அஞ்சாத கம்பி

1848இல் தலைமை ஆளுநராக வந்த டல்ஹௌசி, தந்தியின் பயனை உணர்ந்தார். கல்கத்தாவிலிருந்து டயமண்ட் துறைமுகம் வரை ஏறத்தாழ முப்பது மைல் தொலைவுக்குச் சோதனைத் தடம் ஒன்றை அமைக்க ஓஷானசிக்கு இசைவு கிடைத்தது. 1850இல் தொடங்கிய வேலை 1851இல் முடிந்தது. கல்கத்தா முனையில் டல்ஹௌசியும் ஓஷானசியும் காத்திருக்க, டயமண்ட் துறைமுக முனையிலிருந்து முதற்குறியை அனுப்பியவர் சிவசந்திர நந்தி.

முப்பது மைல் என்பது சிறிய தொலைவு. ஆனால், அங்கே எழுந்த கேள்விகள் சிறியவை அல்ல. இங்கிலாந்தில் தந்திக் கம்பிகள் மெல்லியவை; இருப்புப்பாதையை ஒட்டி, காவலுக்கு நடுவே, உயர்ந்த கம்பங்களில் கண்ணாடியும் பீங்கானும் கொண்ட மின்காப்புகளின் மேல் அவை சென்றன. வங்காளத்தில் இருப்புப்பாதை இல்லை, காவலும் இல்லை. ஆண்டில் நான்கு மாதம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். கம்பத்தை அடியிலிருந்து கறையான் தின்னும். கம்பியின் மேல் பருந்துகளும் காக்கைகளும் கூட்டமாக அமரும், குரங்குகள் ஊஞ்சலாடும். எருமைகள் கம்பத்தில் முதுகைத் தேய்க்கும். கோடையின் இடிமின்னல் நுண்ணிய கருவிகளைக் கருக்கிவிடும். ஐரோப்பாவின் வடிவமைப்பை அப்படியே கொண்டுவந்து நட்டிருந்தால் முதல் மழைக்காலத்தோடு தந்தியின் கதை முடிந்திருக்கும்.

ஓஷானசி எதிர்த்திசையில் சிந்தித்தார். மெல்லிய கம்பியைக் காப்பதற்குப் பெருஞ்செலவு செய்வதைவிட, காப்பே பெரிதும் தேவைப்படாத கம்பியைப் பயன்படுத்துவது மேலானது என்பது அவர் முடிவு. அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு குறுக்களவுள்ள இரும்புக் கோலையே கம்பியாகக் கொண்டார். கோல்களின் முனைகளைப் பற்றவைத்து மைல் கணக்கில் நீட்டினார்.

இதன் அறிவியலை எளிதாக விளங்கிக்கொள்ளலாம். கம்பி தடிக்கும்போது அதன் மின்தடை குறைகிறது. மழையில் நனைந்த ஒவ்வொரு கம்பத்தின் வழியாகவும் சிறிதளவு மின்சாரம் மண்ணுக்குள் கசிகிறது. மெல்லிய கம்பியில் தடை மிகுதியாதலால், கசிவு போக முனையைச் சேர்வது மிகக் குறைவு. தடித்த கோலிலோ நேர்வழியின் தடை குறைவாக இருப்பதால், கசிந்தது போக எஞ்சிய மின்சாரமே ஊசியை அசைக்கப் போதுமானதாகிறது. ஓட்டை வாய்க்காலில் நீர் பாய்ச்சும் உழவர், ஒவ்வோர் ஓட்டையையும் அடைக்க முடியாதபோது வாய்க்காலை அகலப்படுத்துவதைப் போன்றது இது. செம்பு இரும்பைவிடச் சிறந்த மின்கடத்திதான். ஆனால், அதன் விலை அதிகம், வலிமை குறைவு.

தடித்த கோலுக்கு வேறு நன்மைகளும் இருந்தன. பறவைக் கூட்டமும் குரங்குக் கூட்டமும் அமர்ந்தாலும் அறுபடாது. கம்பம் ஒன்று சாய்ந்தாலும் தொய்ந்து நிற்குமேயன்றி முறிந்து வீழாது. எளிதில் வெட்டித் திருட முடியாது. எடை மிகுதியால் ஏற்றிச்செல்லும் செலவு கூடியது உண்மையே. அந்தக் கூடுதல் செலவு, பழுதுபார்க்கும் செலவில் மிச்சமாயிற்று. சிக்கனம் என்பது வாங்கும் நாளில் கொடுக்கும் விலையை மட்டும் கொண்டு கணக்கிடத்தக்கதன்று என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

சோதனைத் தடத்தின் ஒரு பகுதி நிலத்துக்கடியில் சென்றது. அங்கே இரும்புக் கோலின் மேல் இரண்டு சுற்று மதராஸ் துணியைச் சுற்றி, உருக்கிய கீலில் தோய்த்தனர். வீட்டுக் கூரைக்கு வேயும் ஓடுகளை வரிசையாக அடுக்கி, அவற்றின் குழிவில் கோலைக் கிடத்தி, மணலும் குங்கிலியமும் கலந்து உருக்கிய குழம்பை ஊற்றி மூடினர். குயவரும் நெசவாளரும் செய்த பொருள்களே அந்த மின்தடத்துக்கு உறையாயின. நம் நாட்டு நெசவாளர் தறியில் நெய்த துணி, நாட்டின் முதல் தந்தித் தடத்தைப் போர்த்தியது என்பது பாடநூல்களில் அதிகம் இடம்பெறாத செய்தி.

ஆறுகளைக் கடப்பது அடுத்த சிக்கல். கட்டாபெர்ச்சா என்னும் மரப்பாலால் காப்பிட்ட கம்பியை ஆற்றடியில் இடலாம். ஆனால், கப்பல்களின் நங்கூரம் அதைக் கிழித்துவிடும். ஓஷானசி கனமான இரும்புச் சங்கிலியை ஆற்றின் குறுக்கே இட்டு, அதன் கண்ணிகளின் மடிப்புக்குள் கம்பியைப் பொதிந்து வைத்தார். நங்கூரம் இழுத்தாலும் சங்கிலியே அதைத் தாங்கிக்கொள்ளும்.

கருவியிலும் இதே போக்குத்தான். ஐரோப்பியக் கருவிகள் நுட்பமானவை. பழுதுற்றால் சீர்செய்ய இங்கே ஆளில்லை. சுருளுக்கு நடுவே அசையும் காந்த ஊசி ஒன்றை மட்டும் கொண்ட எளிய கருவியை அவரே வடிவமைத்தார். ஊசி இடப்புறமும் வலப்புறமும் சாயும் முறையைக் கொண்டு எழுத்துகள் அறியப்பட்டன. உள்ளூர்க் கைவினைஞர்களே அதைச் செய்யவும் சீர்படுத்தவும் முடிந்தது.

நான்காயிரம் மைல்

சோதனைத் தடம் கடற்கரையோரக் கெஜிரி வரை நீட்டப்பட்டது. 1852இல் பர்மாவுடன் போர் மூண்டிருந்த வேளையில், ரங்கூன் வீழ்ந்த செய்தியோடு வந்த கப்பல் ஆற்றின் முகத்துவாரத்தை அடைந்தது. அக்கப்பல் கல்கத்தாவை அடைவதற்கு முன்பே செய்தி தந்தி வழியாக டல்ஹௌசியின் கைக்கு வந்துசேர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் ஆய்வறிக்கையால் சாதிக்க முடியாததை அந்த ஒரு செய்தி சாதித்தது. டல்ஹௌசி ஓஷானசியையே இலண்டனுக்கு அனுப்பி வைக்க, கம்பெனியின் இயக்குநர் குழு பெருந்திட்டத்துக்கு இசைவளித்தது. ஓஷானசி தந்தித் துறையின் கண்காணிப்பாளரானார். பணியாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் உரிய கையேடு ஒன்றை 1853இல் எழுதி வெளியிட்டார்.

1853 நவம்பரில் கல்கத்தாவிலிருந்து தொடங்கிய தடம் 1854 மார்ச் 24 அன்று ஆக்ராவை அடைந்தது. ஏறத்தாழ 800 மைல்; ஐந்து மாதம்கூட ஆகவில்லை. இந்த விரைவுக்குக் காரணம் அவர் வகுத்த இரண்டடுக்கு முறை. முதலில் மூங்கில் கம்பங்களில் கம்பியைக் கட்டிச் செய்திப் போக்குவரத்தைத் தொடங்கிவிடுவது. பிறகு, தடம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அங்கங்கே உறுதியான கம்பங்களை நட்டு நிலைப்படுத்துவது. முழுமையை எதிர்பார்த்துக் காத்திருக்காமல், பயன்பாட்டிலிருந்தே பிழைகளைக் கண்டு திருத்தும் வழி அது. அதில் இடரும் இருந்தது. திருத்தப்படுமுன் மழைக்காலம் வந்துவிட்ட இடங்களில் மூங்கில்கள் உளுத்து வீழ்ந்தன. தடங்கள் அடிக்கடி பழுதுற்றன என்ற குறைகூறலும் எழுந்தது. அந்தக் குறைகூறலில் உண்மை இல்லாமல் இல்லை.

கம்பங்களுக்கு ஒரே பொருளை நாடெங்கும் பயன்படுத்த ஓஷானசி முயலவில்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் மலிவாகவும் நிலைத்தும் கிடைத்தது எதுவோ, அதையே நட்டார். வங்காளத்தில் மூங்கிலும் பனையும். வேறு இடங்களில் தேக்கு. தென்னாட்டின் சில பகுதிகளில் கருங்கல் தூண்கள். கல்வெட்டும் கல்தூணும் கோயிலுக்கே உரியவை என்றிருந்த மண்ணில், கல்தச்சரின் உளி மின்கம்பிக்காகவும் ஒலித்தது. கருங்கல்லைக் கறையான் தின்னாது. மழை உளுக்கச் செய்யாது. பக்கத்துப் பாறையிலிருந்தே கிடைத்ததால் வண்டிக்கூலியும் மிச்சம்.

ஆக்ராவிலிருந்து ஒரு தடம் வடமேற்கே அட்டோக் நோக்கியும், மற்றொன்று தெற்கே பம்பாய் நோக்கியும் சென்றன. பம்பாயிலிருந்து பெல்லாரி, பெங்களூரு வழியாக மதராஸ் இணைக்கப்பட்டது. வழியில் துங்கபத்திரை ஆற்றைக் கடக்க இரண்டு மைல் நீளமுள்ள வடம் தேவைப்பட்டது. 1855 பிப்ரவரி முதல் நாள் தந்தி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. முகவரி உட்பட 16 சொற்களுக்கு, 400 மைல் தொலைவு வரை, கட்டணம் ஒரு ரூபாய். அந்நாளில் ஒரு கூலித் தொழிலாளிக்குப் பல நாள் ஊதியம் அது. எனவே ‘பொதுமக்கள்’ என்னும் சொல் முதலில் வணிகரையும் செல்வரையுமே குறித்தது எனலாம். சொல்லுக்குக் காசு என்பதால் சொற்செட்டு ஒரு பழக்கமாக வளர்ந்தது. தந்தி நடை என்று பின்னாளில் பெயர்பெற்ற சுருக்க நடையின் தொடக்கம் இதுவே.

1856இன் தொடக்கத்தில் 4000 மைல் தந்தித் தடம் இயங்கிக்கொண்டிருந்தது. மொத்தச் செலவு ஏறத்தாழ 21 லட்சம் ரூபாய்; மைலுக்கு 500 ரூபாய்க்குச் சற்றே அதிகம். கல்கத்தாவிலிருந்து 1600 மைல் தொலைவிலுள்ள பம்பாய்க்கு, எல்லாம் சரியாக அமைந்த நாளில், ஒரு மணி நேரத்துக்குள் செய்தி சென்றது.

சிவசந்திர நந்தியின் பங்கை இங்கே கூறாமல் விடுவது நேர்மையாகாது. டாக்கா தடத்துக்காகப் பத்மா ஆற்றில் ஏறத்தாழ ஏழு மைல் நீளத்துக்கு வடம் இட வேண்டியிருந்தது. வடம் இடுவதற்கென்றே அமைந்த கப்பலை வரவழைத்தால் பெருஞ்செலவாகும். நந்தி மீனவர்களின் படகுகளை வாடகைக்கு அமர்த்தி, அவர்களுடைய ஆற்று அறிவைத் துணையாகக் கொண்டு வடத்தை இட்டு முடித்தார். பனைமரங்களைக் கம்பங்களாகப் பயன்படுத்திய முயற்சியிலும் அவர் முன்னின்றார். ஓஷானசியின் சிக்கனக் கொள்கையை அவரைவிட நன்கு செயல்படுத்தியவர் நந்தி என்றே கூறத் தோன்றுகிறது. 1883இல் ராய் பகதூர் பட்டம் அவரைத் தேடி வந்தது. புகழோ பெரும்பாலும் ஓஷானசியைத்தான் சேர்ந்தது.

அறுந்த இழையும் மாற்று வழியும்

ஓஷானசியின் வலையமைப்பில் ஒரு பெருங்குறை இருந்தது. தனித்தனிக் கம்பியின் உறுதியை அவர் எண்ணிய அளவுக்கு, முழு வலையின் உறுதியை அன்றைய திட்டம் எண்ணவில்லை. கல்கத்தாவுக்கும் மதராஸுக்கும் நேர்வழித் தொலைவு ஏறத்தாழ 1000 மைல். ஆனால், மதராஸிலிருந்து கல்கத்தாவுக்குச் செல்லும் தந்தி, பம்பாய்க்கும் ஆக்ராவுக்கும் சென்று சுற்றி வர வேண்டியிருந்தது. ஏறத்தாழ 2400 மைல். வட இந்தியாவின் கோட்டைகளையும் படைநிலையங்களையும் இணைப்பதே ஆட்சியாளரின் முதல் நோக்கமாக இருந்ததால், தெற்கு வலையின் வால்முனையாயிற்று. வழியிலிருந்த நிலையங்களில் செய்தியை ஒருவர் கேட்டு எழுதி, அடுத்த நிலையத்துக்கு மீண்டும் அனுப்ப வேண்டும். கைமாறக் கைமாறச் செய்தியில் பிழைகளும் கூடின.

ஒரே வழியை நம்பியிருப்பதன் இடரைச் சிறு கணக்கால் அறியலாம். நீண்ட தடம் ஒன்று பத்துப் பகுதிகளால் ஆனது என்றும், ஒவ்வொரு பகுதியும் நூறு நாள்களில் 99 நாள்கள் பழுதின்றி இயங்கும் என்றும் கொள்வோம். கேட்பதற்கு இது மிக நல்ல நிலை. ஆனால், செய்தி கடைசி வரை செல்லப் பத்துப் பகுதிகளும் ஒரே நாளில் இயங்க வேண்டும். பழுதுகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், நூறு நாள்களில் ஏறத்தாழ 90 நாள்களே முழுத் தடமும் இயங்கும். பத்து நாள்கள் செய்தி முடங்கும். இதே தரத்தில் இரண்டாவது வழி ஒன்று தனியாக இருந்தால், இரண்டும் ஒருசேரப் பழுதுறும் நாள் நூறில் ஒன்றே. பகுதிகளின் தரத்தை உயர்த்தப் பெருஞ்செலவு செய்வதைவிட, ஒரு மாற்று வழியைச் சேர்ப்பது பல வேளைகளில் மலிவானது. இன்றைய இணையம் இந்த அடிப்படையில்தான் நிற்கிறது.

இந்தக் கணக்கை ஆட்சியாளருக்குக் கற்பித்தது 1857. அந்த ஆண்டு மே 11 அன்று தில்லியிலிருந்து அம்பாலாவுக்குச் சென்ற தந்தி, புரட்சி மூண்டதைப் பஞ்சாபிலிருந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்கு அறிவித்தது. செய்தியை முந்திப் பெற்றதால் அவர்கள் அங்கிருந்த இந்தியப் படைகளின் ஆயுதங்களைப் பறித்துத் தம் நிலையைக் காத்துக்கொண்டனர். கம்பியின் வலிமையை உணர்ந்த புரட்சியாளர்கள் அதையே தாக்கினர். 900 மைலுக்கும் மேற்பட்ட தடம் அழிக்கப்பட்டது. குரங்கும் மழையும் அறுக்க முடியாத இரும்புக் கோலை மனிதர்கள் வெட்டித் துண்டுகளாக்கித் துப்பாக்கிக் குண்டுகளாகப் பயன்படுத்தினர். ஆக்ரா வழி அறுந்ததும் தலைநகர் கல்கத்தா மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் துண்டிக்கப்பட்டது. அதன் பின்னரே கிழக்குக் கடற்கரையோரமாகக் கல்கத்தாவையும் மதராஸையும் நேராக இணைக்கும் தடம் விரைந்து போடப்பட்டது.

நாட்டை இணைத்த அதே கம்பி, நாட்டை அடக்கவும் பயன்பட்டது. அதை மறைத்து ஓஷானசியின் வாழ்வை எழுத முடியாது. அவர் கம்பெனியின் ஊழியர். அதன் தேவைக்காகவே வலையை நெய்தார். ஆயினும், கம்பி தன்னைக் கட்டியவருக்கு மட்டும் உண்மையாக இருப்பதில்லை. அரைநூற்றாண்டு கழித்துச் சுதேசமித்திரன் அலுவலகத்தில், தந்தி வழியாக வந்த உலகச் செய்திகளை ஓர் இளம் துணையாசிரியர் தமிழில் பெயர்த்துக்கொண்டிருந்தார். உருசியாவிலும் சப்பானிலும் நடப்பவற்றைத் தமிழர் உடனுக்குடன் அறிந்தது அவ்வழியேதான். அந்தத் துணையாசிரியர் சுப்பிரமணிய பாரதியார்.

இரண்டு பெயர்கள்

புரட்சி மூண்ட நாள்களில் ஓஷானசி இந்தியாவில் இல்லை. 1856இல் அவருக்குச் ‘சர்’ பட்டம் வழங்கப்பட்டது. மோர்ஸின் கருவிகளை வாங்கவும், அவற்றைக் கையாளப் பணியாளர்களைப் பயிற்றவும் அவர் ஐரோப்பா சென்றிருந்தார். தாம் வடிவமைத்த ஊசிக் கருவியைத் தாமே கைவிட்டு, அதைவிடச் சிறந்த பிறருடைய கருவியை ஏற்றது அவருடைய பெருந்தன்மைக்குச் சான்று. ஊசியின் அசைவு கண்முன் தோன்றி மறைந்துவிடும். தவறாகப் படித்தால் சரிபார்க்க வழியில்லை. மோர்ஸ் கருவியோ புள்ளியையும் கோட்டையும் தாளில் பதித்தது. தடம் ஆயிரக்கணக்கான மைல் நீண்ட பிறகு, மலிவைவிடச் செய்தியின் பிழையின்மையே முதன்மையானது என்று அவர் கருதினார்.

1857இன் இறுதியில் இந்தியா திரும்பியவர், அழிந்த தடங்களை மீண்டும் கட்டும் பணியில் ஈடுபட்டார். சில ஆண்டுகளில் உடல்நலம் குன்றித் தாயகம் சென்றார். பின்னர் இந்தியாவுக்கு வரவில்லை. 1861இல் தம் பெயரை வில்லியம் ஓஷானசி புரூக் என்று மாற்றிக்கொண்டார். இதனால், காலரா ஆய்வு செய்த ஓஷானசியும் தந்தி அமைத்த புரூக்கும் வெவ்வேறு மனிதர்கள் என்று பின்வந்தோர் மயங்கவும் நேர்ந்தது. அதற்குப் பிந்தைய ஏறத்தாழ முப்பது ஆண்டு வாழ்க்கையில் அவர் பொதுவெளியில் பெரிதும் தலைகாட்டவில்லை.

1889 ஜனவரியில், இங்கிலாந்தின் தென்கடற்கரையிலுள்ள சவுத்சீ என்னும் ஊரில் அவர் காலமானார். அதற்குள் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே கடலடி வடம் இடப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் தொடங்கிய தந்திப் பணி இந்தியாவில் 2013 ஜூலை வரை நடைபெற்றது.